வேலையை விடாமல் புள்ளியியல் முதுநிலை: செங்கல்பட்டுக் கடற்கரையிலிருந்து ஒரு பார்வை

இந்தியத் தொல்லியல் துறை நுழைவுக் கட்டணம் வாங்கும் சின்னங்களில், 2021-22 நிதியாண்டில் வெளிநாட்டினர் மிக அதிகமாக வந்து பார்த்தது மாமல்லபுரத்தை. ஒன்றிய சுற்றுலா அமைச்சகத்தின் கணக்குப்படி 1,44,984 பேர். அதே ஆண்டில் தாஜ்மகாலுக்கு வந்த வெளிநாட்டினர் 38,922 பேர். ஊருக்குப் பெருமையான செய்திதான். ஆனால் இந்த எண்ணை நம்பிக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு விடுதிக்காரர் கடன் வாங்கி இன்னும் இருபது அறை கட்டலாமா? அது பெருந்தொற்று ஆண்டு. சுற்றுலா விசா 2021 நவம்பர் நடுவில்தான் எல்லோருக்கும் திறந்தது. வழக்கமான பன்னாட்டு விமானங்கள் 2022 மார்ச் 27 வரை ஓடவில்லை. அப்படியானால் வந்தவர்கள் யார்? ஏற்கெனவே இந்தியாவில் வேலையிலோ படிப்பிலோ இருந்தவர்கள் எத்தனை பேர்? அன்றே சென்னை திரும்பியவர்கள் எத்தனை, இரவு தங்கியவர்கள் எத்தனை? நுழைவுச்சீட்டுக் கணக்கு இதில் எதையும் சொல்லாது. எந்த எண் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை, மீதியைத் தெரிந்துகொள்ள யாரிடம் என்ன கேட்க வேண்டும் என்று முடிவுசெய்வதுதான் வணிகத்துக்கான புள்ளியியல். அதை வேலையை விடாமல், வீட்டிலிருந்தே, முதுநிலைப் பட்ட அளவில் படிக்க இன்று என்ன வழிகள் உள்ளன என்பதே இந்தக் கட்டுரையின் கேள்வி.

செங்கல்பட்டு 2019 நவம்பர் 29 அன்று காஞ்சிபுரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது. இவ்வளவு சிறிய நிலப்பரப்பில் எண்களோடு இத்தனை விதமாகப் புழங்கும் வேலைகள் சேர்ந்திருப்பது அபூர்வம். மறைமலைநகரின் வாகன உதிரிபாகத் தொழிற்சாலைகள், செங்கல்பட்டை ஒட்டிய மகிந்திரா வேர்ல்ட் சிட்டி, சிறுசேரி சிப்காட்டின் மென்பொருள் வளாகங்கள், கோவளம் முதல் மாமல்லபுரம் தாண்டியும் நீளும் விடுதிகள், இவற்றுக்கு நடுவே மீனவக் குப்பங்கள். தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் ஷிப்டு பார்க்கும் பொறியாளர், விடுதியின் வருவாயைக் கவனிக்கும் பி.காம். பட்டதாரி, மென்பொருள் சோதனையிலிருந்து தரவுப் பகுப்பாய்வுக்கு மாற நினைப்பவர் ஆகிய மூவரும் இணையத்தில் ஒரே சொல்லைத் தட்டித் தேடுகிறார்கள். மூவருக்கும் ஒரே விளம்பரங்கள்தான் வருகின்றன. ஆனால் மூவருக்கும் வேண்டியது ஒரே படிப்பு அல்ல.

தொழிற்சாலையிலிருந்து தொடங்கலாம். அமெரிக்காவின் பெல் தொலைபேசிக் குழுமத்தில் வேலை பார்த்த வால்டர் ஷூவார்ட் 1924இல் முதல் கட்டுப்பாட்டு வரைபடத்தை வரைந்தார். ஒரு பிஸ்டனின் விட்டம் சற்றுக் கூடிக் குறைவது எந்திரத்தின் இயல்பான தடுமாற்றமா, அல்லது ஏதோ கெட்டுவிட்டதா என்று பிரித்துக் காட்டும் கருவி அது. சராசரிக்கு மேலும் கீழும் மூன்று திட்ட விலக்கத் தொலைவில் இரண்டு கோடுகள். புள்ளி கோட்டைத் தாண்டினால் எந்திரத்தை நிறுத்திப் பார்க்க வேண்டும். இந்த முறையை இந்தியத் தொழிற்சாலைகளுக்குக் கொண்டுவரப் புள்ளியியல் அறிஞர் மகலனோபிஸ் முயன்றார். இந்திய விடுதலையை ஒட்டிய காலத்தில் ஷூவார்டையே இங்கு அழைத்தார். அந்த மரபு தமிழ்நாட்டில் நன்றாகவே வேர்விட்டது. சென்னை பாடியில் உள்ள சுந்தரம் கிளேட்டன் 1998இல் தர மேலாண்மைக்கான டெமிங் விருது பெற்றது. இந்தியாவில் அந்த விருதை வாங்கிய முதல் நிறுவனம் அது. இன்றும் மறைமலைநகர் வட்டாரத்தில் வாகன நிறுவனத்துக்குப் பாகம் கொடுக்கும் சின்ன ஆலைகூடச் செயல்திறன் குறியீட்டைக் கணக்கிட்டு அனுப்ப வேண்டியிருக்கிறது. அதை எக்செல் தாளில் நிரப்பத் தெரிந்தவர்கள் நிறையப் பேர் உண்டு. தரவு இயல்நிலைப் பரவலில் இல்லாதபோது அந்தக் குறியீடு தவறான நம்பிக்கை தரும் என்பதை அறிந்தவர்கள் குறைவு. முதுநிலைப் படிப்பின் பயன் அந்த இடைவெளியில்தான் இருக்கிறது.

கடற்கரையிலும் புள்ளியியல் புழங்குகிறது. பிடிபடும் மீனை யாரும் ஒவ்வொன்றாக எண்ணுவதில்லை. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் கரையைப் பகுதிகளாகப் பிரித்து, இறங்குதளத்தையும் நாளையும் குலுக்கல் முறையில் தேர்ந்து, அன்று கரைசேரும் படகுகளில் சிலவற்றை மட்டும் அளந்து, அதிலிருந்து மொத்தப் பிடிப்பை மதிப்பிடுகிறது. அடுக்கு வாரியான பல்கட்டச் சமவாய்ப்பு மாதிரி முறை என்று பாடநூலில் படிப்பது இதுதான். பாலாற்றுப் படுகையில் நெல் விளைச்சலை மதிப்பிடும் பயிர் அறுவடைச் சோதனையும் இதே குடும்பம். பயிர்க் காப்பீட்டுத் தொகை அந்தக் கணக்கில்தான் நிற்கிறது. மாதிரி எடுத்தலை ஒழுங்காகக் கற்ற ஒருவர் தன் விடுதிக்கு வாடிக்கையாளர் கருத்துப் படிவம் போடும்போது, சந்தோஷமாகப் போனவர்கள் மட்டும் நிரப்பித் தந்த படிவத்தை நம்பி ஏமாற மாட்டார்.

இந்த இரண்டையும் முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு. இணையவழிப் பட்டங்களில் இப்போது மிகுதியாக விற்பனையாவது ‘பிசினஸ் அனலிட்டிக்ஸ்’, ‘டேட்டா சயின்ஸ்’ என்ற பெயர்களில். அவற்றில் நல்லவையும் உண்டு. ஆனால் பலவற்றின் பாடத்திட்டத்தைத் திறந்தால் பைத்தான், தரவுத்தளம், காட்சிப்படுத்தல், எந்திரக் கற்றல் என்று கருவிகள் நிரம்பியிருக்கும். மாதிரி எடுத்தலுக்கு ஒரு வாரம், சோதனை வடிவமைப்புக்கு இடமே இல்லை என்ற நிலை இருக்கும். கருவி மாறிக்கொண்டே இருக்கும். மதிப்பீட்டில் எவ்வளவு பிழை இருக்கலாம் என்று சொல்லத் தெரிவது மாறாது. வணிகத்துக்காகப் புள்ளியியல் படிக்க வருபவர் பாடத்திட்டத்தில் தேட வேண்டியவை நிகழ்தகவும் பரவல்களும், புள்ளியியல் அனுமானம், தொடர்புப் போக்கு, மாதிரி எடுத்தல், சோதனை வடிவமைப்பு, காலத்தொடர், தரக் கட்டுப்பாடு ஆகியவை. இவற்றில் பாதிகூட இல்லாத பட்டத்தை, பெயர் எதுவானாலும், புள்ளியியல் பட்டம் என்று நான் ஏற்க மாட்டேன்.

பட்டத்தின் பெயருக்கு வேறொரு நடைமுறை எடையும் உண்டு. ஒன்றியத் தேர்வாணையம் நடத்தும் இந்தியப் புள்ளியியல் பணித் தேர்வை எழுத, இளநிலைப் பட்டத்தில் புள்ளியியல் ஒரு பாடமாக இருந்திருக்க வேண்டும், அல்லது புள்ளியியல், கணிதப் புள்ளியியல், பயன்பாட்டுப் புள்ளியியல் இவற்றில் ஒன்றில் முதுநிலைப் பட்டம் வேண்டும். பகுப்பாய்வைச் சிறப்புப் பாடமாகக் கொண்ட எம்.பி.ஏ. இந்த வரியில் அடங்காது. ரிசர்வ் வங்கியின் புள்ளியியல் துறை அதிகாரிப் பணிக்கும் பட்டத்தின் பெயரையே முதலில் பார்ப்பார்கள். தனியார் வேலை போதும் என்பவருக்கு இது பொருட்டில்லை. ஆனால் முப்பது வயதுக்குள் இருப்பவர் அரசு வாசலைத் தானே அடைத்துக்கொள்ளும் முன் ஒருமுறை யோசிக்க வேண்டும். ஃபோர்டு நிறுவனம் 2021 செப்டம்பரில் இந்தியாவில் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்து, 2022இல் மறைமலைநகர் ஆலையின் ஓட்டம் நின்றது. ஆலையை மீண்டும் பயன்படுத்தும் விருப்பத்தை 2024இல்தான் தெரிவித்தது. ஒரே நிறுவனத்தை நம்பிய திறமை எவ்வளவு விரைவில் தெருவுக்கு வந்துவிடும் என்பதை இந்த ஊர் கண்ணால் பார்த்திருக்கிறது. எங்கே போனாலும் செல்லும் பட்டமே வேண்டும்.

செல்லும் பட்டம் எது என்பதற்கு விதி இருக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2020 செப்டம்பரில் வெளியிட்ட தொலைநிலை, இணையவழிக் கல்வி ஒழுங்குமுறைகளின்படி, அனுமதி பெற்ற கல்வி நிறுவனம் இணையவழியில் தரும் பட்டமும் தொலைநிலையில் தரும் பட்டமும் நேரடி வகுப்பில் பெறும் பட்டத்துக்குச் சமம். 2022 செப்டம்பரில் யுஜிசி இதை மறுபடியும் தெளிவாக்கியது. ஆனால் அனுமதி பல்கலைக்கழகம் முழுமைக்கும் கிடைப்பதல்ல. ஒவ்வொரு படிப்புக்கும், ஒவ்வொரு காலத்துக்கும் தனித்தனியாகக் கிடைப்பது. ஒரு பல்கலைக்கழகத்தின் இணையவழி எம்.பி.ஏ.வுக்கு அனுமதி இருப்பதால் அதே பல்கலைக்கழகத்தின் எம்.எஸ்சி.க்கும் இருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. யுஜிசியின் தொலைநிலைக் கல்விப் பிரிவு இணையதளத்தில் அந்தப் படிப்பின் பெயரே இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஐந்து நிமிட வேலை. இதைச் செய்யாமல் பணம் கட்டியவர்களின் துயரம் பெரியது.

இடையில் நிற்கும் கல்வித் தொழில்நுட்ப நிறுவனங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். பல்கலைக்கழகங்கள் தம் பட்டப்படிப்பை இவற்றிடம் உரிமம்போல் ஒப்படைக்கக் கூடாது என்று யுஜிசி 2022இல் எச்சரித்தது. அதற்குச் சற்று முன், 2021 டிசம்பரில், ஒன்றியக் கல்வி அமைச்சகம் பெற்றோருக்கும் மாணவருக்கும் ஓர் அறிவுரை வெளியிட்டது: கணக்கிலிருந்து தானாகப் பணம் எடுக்கும் ஒப்புதலும், தெரியாமல் கையெழுத்தாகும் கடனும் குறித்து விழிப்பாக இருங்கள் என்று. தொலைபேசியில் ‘கவுன்சிலர்’ என்று பேசுபவர் விற்பனையாளர். இன்றே சேர்ந்தால் தள்ளுபடி என்று அவர் அவசரப்படுத்தினால் அன்றைக்குச் சேராமல் இருப்பதே நல்லது. பல்கலைக்கழகங்கள் ஆண்டுக்கு இருமுறை சேர்க்கின்றன. ஆறு மாதம் பொறுத்தால் எதுவும் கெட்டுவிடாது.

இனி இருக்கும் வழிகளைப் பார்ப்போம். புள்ளியியல் என்ற பெயரிலேயே, அரசுப் பல்கலைக்கழகத்தில், குறைந்த செலவில் என்றால் முதலில் நிற்பது இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் பயன்பாட்டுப் புள்ளியியல் எம்.எஸ்சி. இது தொலைநிலை வகை. அச்சுப் பாடங்கள், ஒப்படைப்புகள், ஜூனிலும் டிசம்பரிலும் நேரில் எழுதும் தேர்வு. இரண்டு ஆண்டில் முடிக்கலாம். நான்கு வரை இழுக்கலாம். ஷிப்டு மாறும் தொழிலாளிக்கு அந்த நீட்சி ஒரு வரம். இதற்கு முன்னமே அங்கு பயன்பாட்டுப் புள்ளியியலில் முதுநிலைப் பட்டயம் ஒன்று உண்டு. அதன் தொழில்துறைப் புள்ளியியல் பிரிவில் செயல்முறைக் கட்டுப்பாடு, நம்பகத்தன்மை, செயல்முறை ஆராய்ச்சி, தொடர்புப் போக்கு, காலத்தொடர் ஆகியவை இருக்கின்றன. மறைமலைநகர்க்காரருக்காகவே எழுதியதுபோன்ற பாடம். இந்தப் பாடநூல்கள் அந்தப் பல்கலைக்கழகத்தின் இஞானகோஷ் தளத்தில் எவருக்கும் இலவசம். சேர்வதற்கு முன் ஒரு மாதம் அவற்றைப் படித்துப் பார்க்கலாம் என்பது வேறெங்கும் எளிதில் கிடைக்காத வசதி. குறை என்னவென்றால் தனிமை. வாராந்திர வகுப்பு, கூடப் படிப்பவர், கேட்டால் உடனே சொல்லும் ஆசிரியர் இவையெல்லாம் பெரும்பாலும் கிடைக்காது. தன்னைத் தானே உட்கார வைக்கத் தெரிந்தவருக்கே இது சரிவரும்.

இந்தியப் புள்ளியியல் நிறுவனம் 1931இல் மகலனோபிஸ் தொடங்கியது. 1959 சட்டத்தால் தேசிய முக்கியத்துவம் பெற்றது. அது கோர்செரா தளத்தின் வழியே பயன்பாட்டுப் புள்ளியியலில் ஒரு முதுநிலைப் பட்டயம் நடத்துகிறது. பெயருக்கு இருக்கும் மதிப்பு மிகப் பெரியது. ஆனால் அது பட்டயம். பட்டம் என்று கேட்கும் இடத்தில் செல்லாது. ஐஐடி கான்பூர் 2022 முதல் நடத்தும் இமாஸ்டர்ஸ் வரிசையில் தரவு அறிவியலும் வணிகப் பகுப்பாய்வும் சேர்ந்த படிப்பு ஒன்று உண்டு. கேட் தேர்வு தேவையில்லை, ஒன்றிலிருந்து மூன்று ஆண்டில் முடிக்கலாம், கட்டணம் பல லட்சம். நிறுவனமே கட்டணத்தில் பங்கேற்கும் நிலையில் இருப்பவர்களுக்கு இது நல்ல தேர்வு. பிட்ஸ் பிலானி வேலையில் இருப்பவர்களுக்காக நடத்தும் நான்கு பருவப் படிப்புகளும் இப்படித்தான். தரவு அறிவியல் எம்.டெக். பொறியாளருக்குப் பொருந்தும், கணக்காளருக்குப் பொருந்தாது.

வெளிநாட்டில் ஜார்ஜியா டெக் 2017இல் தொடங்கிய இணையவழிப் பகுப்பாய்வு முதுநிலை, தொடங்கியபோது முழுவதும் பத்தாயிரம் டாலருக்குள் முடிந்தது. அதில் வணிகப் பகுப்பாய்வு ஒரு தனிப் பிரிவு. புள்ளியியலே வேண்டும் என்பவருக்குப் பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் இணையவழிப் பயன்பாட்டுப் புள்ளியியல் முதுநிலை பழகிய பெயர். நம் புள்ளியியல் அறிஞர் சி.ஆர்.ராவ் பல ஆண்டுகள் பணியாற்றிய துறை அது. அந்தத் துறை தன் பாடக் குறிப்புகளை யாரும் படிக்கும்படி திறந்து வைத்திருக்கிறது. கட்டணம் கட்ட முடியாதவர்களும் அவற்றை முழுமையாகப் பயன்படுத்திக்கொள்ள வேண்டும். ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. வெளிநாட்டு இணையவழிப் பட்டத்துக்கு இங்கே இணைத்தகுதிச் சான்று பெறுவது கடினம். அரசு வேலையோ முனைவர் பட்டமோ மனத்தில் இருந்தால், எழுத்துமூலம் விடை பெற்ற பிறகே சேர வேண்டும்.

உள்ளூரைப் பார்த்தால் மனம் நிறைவதும் வருந்துவதும் ஒன்றாக நடக்கிறது. சிறுசேரி சிப்காட்டுக்குள்ளேயே சென்னை கணிதவியல் நிறுவனம் இருக்கிறது. 2018இல் அங்கு தொடங்கிய தரவு அறிவியல் எம்.எஸ்சி. நாட்டின் சிறந்த படிப்புகளுள் ஒன்று. அது முழுநேர வகுப்பு. மாமல்லபுரத்தை அடுத்த மணமையில் கிரேட் லேக்ஸ் மேலாண்மை நிறுவனம் உள்ளது. அமெரிக்காவின் கெல்லாக் மேலாண்மைப் பள்ளியில் நெடுங்காலம் பேராசிரியராக இருந்த பாலா பாலச்சந்திரன் 2004இல் தொடங்கியது. வணிகப் பகுப்பாய்வை இந்த வட்டாரத்தில் பரப்பியதில் அதற்குப் பங்கு உண்டு. அதன் வழி மேலாண்மை வழி. தாம்பரத்தில் சென்னைக் கிறித்துவக் கல்லூரி. உலகப் புகழ்பெற்ற நிகழ்தகவு அறிஞர், 2007இல் ஏபெல் பரிசு பெற்ற எஸ்.ஆர்.சீனிவாச வரதன், பழைய செங்கல்பட்டு மாவட்டத்தின் பொன்னேரியில் பள்ளிப் படிப்பும் இந்தத் தாம்பரக் கல்லூரியில் இண்டர்மீடியட்டும் முடித்து, மாநிலக் கல்லூரியில் புள்ளியியல் ஆனர்ஸ் படித்தவர். இவ்வளவு மரபு உள்ள மண்ணில், மாலையில் வேலை முடித்து வருபவர் அமர்ந்து படிக்கும்படி உள்ளூர் நிறுவனம் நடத்தும் புள்ளியியல் முதுநிலைக்கு இடம் இருக்கிறது.

பி.காம். படித்தவர்களின் சிக்கலைத் தனியாகச் சொல்லாமல் விட முடியாது. தமிழ்நாட்டுப் பிளஸ் டூவில் ‘வணிகக் கணிதமும் புள்ளியியலும்’ என்ற பாடம் தமிழ்வழியிலேயே உண்டு. நிகழ்தகவுப் பரவல், மாதிரி எடுத்தல், காலத்தொடர், குறியீட்டெண், தரக் கட்டுப்பாட்டு வரைபடம் வரை அதில் இருக்கின்றன. நல்ல விதை. ஆனால் கல்லூரியில் மூன்றாண்டு வணிகவியல் படித்து வெளியே வரும்போது கணிதத் தொடர்பு அறுந்துவிடுகிறது. புள்ளியியல் எம்.எஸ்சி. பலவற்றுக்கு இளநிலையில் கணிதமோ புள்ளியியலோ இருந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை. அங்கே கதவு மூடுகிறது. மூடிய கதவைப் பார்த்து இவர்கள் ‘கணிதம் தேவையில்லை’ என்று விளம்பரம் செய்யும் படிப்பில் பணத்தைக் கொட்டுகிறார்கள். அப்படி ஒரு புள்ளியியல் கிடையாது. வகைநுண்கணிதமும் நேரியல் இயற்கணிதமும் தெரியாமல் தொடர்புப் போக்கைப் பொத்தான் அழுத்திப் போட முடியும். அது தவறும்போது எங்கே தவறியது என்று கண்டுபிடிக்க முடியாது.

இவர்களுக்கு நான் சொல்லும் வழி நீளமானது, ஆனால் உறுதியானது. ஐஐடி மெட்ராஸ் 2020இல் தொடங்கிய இணையவழி இளநிலைப் படிப்பு, இப்போது தரவு அறிவியலும் பயன்பாடுகளும் என்ற பி.எஸ். பட்டம். ஜேஇஇ தேவையில்லை, நான்கு வாரப் பாடம் படித்துத் தகுதித் தேர்வு எழுதிச் சேரலாம். அடிப்படை நிலையில் கணிதமும் புள்ளியியலும் இரண்டு பருவங்களாகக் கட்டாயம். அடுத்த நிலையில் வணிகத் தரவு மேலாண்மை என்ற பாடத்தோடு, ஒரு உண்மையான கடையிலோ ஆலையிலோ தரவு திரட்டிச் செய்யும் திட்டப்பணி உண்டு. மாமல்லபுரத்துச் சிற்பக் கூடத்தையோ கோவளத்து மீன் ஏலத்தையோ எடுத்துக்கொண்டு அதைச் செய்யலாம். தேர்வுகள் நேரில் நடப்பதால் மதிப்பெண்ணுக்கு மரியாதை இருக்கிறது. முழுப் பட்டம் வேண்டாம் என்றால் இடையிலேயே சான்றிதழோ பட்டயமோ பெற்று வெளியேறலாம். இதுவும் பெரிது என்று தோன்றினால் என்பிடெல். 2003 முதல் ஐஐடிகளும் பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனமும் சேர்ந்து நடத்துவது. பாடம் இலவசம், நேரில் எழுதும் தேர்வுக்கு மட்டும் சிறு கட்டணம். பல பாடங்களுக்குத் தமிழ் எழுத்துரையும் இருக்கிறது. ஒரு நிகழ்தகவுப் பாடத்தைப் பன்னிரண்டு வாரம் விடாமல் படித்துத் தேர்வு எழுதிவிட்டால், இரண்டாண்டு முதுநிலை தனக்கு முடியுமா என்பது தெரிந்துவிடும். எந்தக் கவுன்சிலரும் சொல்ல முடியாத பதில் அது.

நேரக் கணக்கையும் பார்த்துவிட வேண்டும். வாரத்துக்குப் பத்து முதல் பதினைந்து மணி நேரம் இல்லாமல் இந்தப் பட்டம் எதையும் ஒழுங்காக முடிக்க முடியாது. நிறுவனப் பேருந்தில் போகும் நேரத்தைப் பலர் படிப்பு நேரமாக எண்ணுகிறார்கள். காணொளி பார்க்கலாம்; ஆனால் புள்ளியியல் காகிதத்தில் கை வைத்துக் கணக்குப் போட்டால்தான் ஏறும். பெண்களுக்கு வீட்டு வேலையும் சேர்ந்துகொள்வதால், பருவத்துக்கு ஒரு பாடம் மட்டும் எடுக்கும் வசதி உள்ள படிப்பையே தேர்வது நல்லது. நான்காண்டில் முடித்தாலும் பட்டம் பட்டம்தான்.

என் முடிவைச் சொல்கிறேன். இளநிலையில் கணிதம் படித்து, இந்த மாவட்டத்தில் வேலையில் இருந்து, சொந்தப் பணத்தில் படிப்பவருக்கு இந்திரா காந்தி பல்கலைக்கழகத்தின் பயன்பாட்டுப் புள்ளியியலே முதல் தேர்வு. அதன் தனிமையை என்பிடெல் காணொளிகளாலும் உடன் வேலை செய்பவர்கள் இருவர் மூவர் சேர்ந்து படிப்பதாலும் ஈடுகட்டலாம். நிறுவனம் பணம் தரும் பொறியாளருக்குக் கான்பூரும் பிலானியும் ஜார்ஜியாவும் உண்டு. வணிகவியல் பட்டதாரி முதலில் கணிதத்தைக் கட்டிக்கொள்ள வேண்டும். முதுநிலை அதன் பிறகு. சிறுசேரி, தாம்பரம், சென்னைப் பல்கலைக்கழகம் ஆகிய இடங்களில் இருக்கும் புள்ளியியல் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள்: மாலை நேரத்தில், இணையவழியில், தமிழில் ஐயம் கேட்க இடம் கொடுத்து, கணித அடிப்படைக்கு ஒரு முன்பருவமும் வைத்து, பயன்பாட்டுப் புள்ளியியல் எம்.எஸ்சி. ஒன்றை நீங்கள் சேர்ந்து தொடங்குங்கள். படிக்க ஆட்கள் இந்த மாவட்டம் நெடுகிலும் இருக்கிறார்கள்.